ஒரே கூரையின்கீழ் உலகம்

நம் இலக்கிய வட்டம் தன் பத்தாம் ஆண்டை நிறைவு செய்கிறது. மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதில் கவிஞரும் ஆசிரியரும் வணிகரும் அலுவலரும் ஒன்றாய் அமர்ந்து கவிதை கேட்கிறோம், கருத்து மாறுபடுகிறோம், தேநீர் அருந்திக் கலைகிறோம். பத்தாண்டுகள் இவ்வாறு கூடியிருந்ததால் நாம் ஒருவரையொருவர் உண்மையில் அறிந்துகொண்டோமா? மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது என் உள்ளத்தில் முதலில் எழுந்த வினா இதுவே. வேற்று மனிதரோடு ஓரிடத்தில் வாழ்ந்தால் அவரைப் புரிந்துகொள்ளலாம் என்பது ஒரு நம்பிக்கை. அந்நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த கல்விநிலையங்கள் சில உண்டு. பல நாட்டு இளைஞரை ஒரே கூரையின்கீழ் உண்ணவும் உறங்கவும் கற்கவும் செய்தால் நாளைய போரைத் தவிர்க்கலாம் என்று கருதிய பன்னாட்டு உறைவிடப் பள்ளிகளே அவை. அவற்றின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் நம் வினாவுக்கும் ஓரளவு விடை கிடைக்கலாம்.

போர் குலைத்த முதற்கனவு

பன்னாட்டுப் பள்ளி என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அதன் விதை அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே ஊன்றப்பட்டது. இருப்புப்பாதைகள் ஐரோப்பிய நாடுகளை நெருங்கச் செய்த காலம் அது. தடையற்ற வணிகத்தால் நாடுகளிடையே பகைமை நீங்கும் என்று நம்பியவர் இங்கிலாந்தின் அரசியலறிஞர் ரிச்சர்டு காப்டன். வணிகம் போலவே கல்வியும் எல்லை கடக்கவேண்டும் என்ற எண்ணம் அவரையும் அவருடைய நண்பர்களையும் ஈர்த்தது. அறிவியலறிஞர்கள் தாமஸ் ஹக்ஸ்லியும் ஜான் டிண்டலும் அதற்குத் துணை நின்றனர். இவர்தம் முயற்சியால் 1860களின் பிற்பகுதியில் லண்டனுக்கு அருகே ஸ்பிரிங் குரோவ் என்னுமிடத்தில் லண்டன் பன்னாட்டுக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் லியோனார்டு ஷ்மிட்ஸ்.

இத்திட்டத்தின் சிறப்பு ஒன்று இன்றும் வியக்கத்தக்கது. மாணவன் ஒரே நாட்டில் தங்கிவிடலாகாது. இங்கிலாந்தில் சிறிது காலம், பிரான்சில் சிறிது காலம், ஜெர்மனியில் சிறிது காலம் என இடம் மாறி, அந்தந்த நாட்டு மொழியை அந்தந்த மண்ணிலேயே கற்கவேண்டும் என்பது அமைப்பாளரின் கருத்து. பாரிசுக்கு அருகிலும் பான் நகருக்கு அருகிலும் இணைப்பள்ளிகள் அமைந்தன. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பள்ளி இருந்த இரு நாடுகளே களத்தில் எதிரெதிரே நின்றன. மாணவர் இடம் மாறிக் கற்கும் திட்டம் அத்துடன் சிதைந்தது. லண்டன் பள்ளி மட்டும் தனித்து நின்று 1889இல் மூடப்பட்டது. போரைத் தடுக்கும் கல்வி என்று தொடங்கிய முதல் முயற்சியைப் போரே விழுங்கிற்று. இம்முரண், பின்வந்த முயற்சிகள் அனைத்தின்மீதும் நிழலாய்ப் படிவதைக் காணலாம்.

கவிஞர் கட்டிய கூடு

பள்ளிக்கூடம் என்றாலே கசந்த ஒரு சிறுவன், வளர்ந்து பெருங்கவிஞனாகி, தானே ஒரு பள்ளி தொடங்கியது நம் நாட்டில் நிகழ்ந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுவர்களுடன் தம் பள்ளியைத் தொடங்கினார். மரநிழலில் பாடம், பருவங்களை வரவேற்கும் விழாக்கள், இசையும் ஓவியமும் கணக்குக்கு நிகரான பாடங்கள். முதல் உலகப்போரின் அழிவைக் கண்ட அவர் உள்ளம் இன்னும் விரிந்தது. கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடமாக 1921இல் விசுவபாரதி உருவாயிற்று. பிரான்சு, ஜெர்மனி, செக்கோஸ்லோவாகியா, சீனம் முதலிய நாடுகளிலிருந்து அறிஞர் பலர் அங்கு வந்து தங்கினர். சீன அறிஞர் டான் யுன்ஷானின் அயரா உழைப்பால் 1937 ஏப்ரலில் சீன பவனம் திறக்கப்பெற்றது.

திறப்புவிழா நடந்து மூன்று மாதங்கள்கூட நிறைவுறவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ஜப்பான் சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி தாகூரின் நண்பர். சாந்திநிகேதனுக்கு வந்து விருந்தோம்பலைப் பெற்றவர். அவரே 1938இல் தம் நாட்டின் படையெடுப்பை நியாயப்படுத்தித் தாகூருக்குக் கடிதம் எழுதினார். ஆசியாவின் மேன்மைக்கு இப்போர் தவிர்க்க இயலாதது என்பது அவர் வாதம். தாகூர் கடிதத்துக்குக் கடிதம் மறுத்தெழுதினார். தாம் நேசிக்கும் ஜப்பானிய மக்களுக்கு வெற்றியை வேண்டாமல், செய்த கொடுமைக்காக வருந்தும் மனத்தையே வேண்டுவதாக எழுதி அக்கடிதப் போக்குவரத்தை முடித்தார்.

கவிஞர்கள் வாசிக்கப்போகும் இம்மலரில் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். ஒருவர் கவிதையை மற்றவர் அறிந்தவர். ஒருவர் இல்லத்தில் மற்றவர் உண்டவர். இருந்தும் நாடு என்னும் சொல் குறுக்கே வந்தபோது அந்த அறிமுகம் போதவில்லை. விருந்தினராய் வந்து போவது வேறு. அறத்தில் ஒன்றுபடுவது வேறு. இவ்வேறுபாட்டைத் தம் சொந்த வாழ்வில் இன்னும் கசப்பாக உணர்ந்த கல்வியாளர் ஒருவர் ஜெர்மனியில் இருந்தார்.

சாலெமிலிருந்து ஒரு கடிதம்

கர்ட் ஹான் 1886இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டிலும் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர். முதல் உலகப்போரின் இறுதியில் ஜெர்மானியப் பேரரசின் கடைசித் தலைமை அமைச்சராயிருந்த பேடன் இளவரசர் மாக்ஸின் செயலாளராய்ப் பணியாற்றினார். தோல்வியுற்ற நாட்டை மீண்டும் எழுப்பவேண்டுமாயின் பொறுப்புணர்ந்த இளைஞரை உருவாக்கவேண்டும் என இருவரும் கருதினர். அதன் விளைவாக 1920இல் சாலெம் என்னும் ஊரில், இளவரசரின் மாளிகையிலேயே ஓர் உறைவிடப் பள்ளி தோன்றியது. பெயரைக் கேட்டதும் நம் சேலம் நினைவுக்கு வரலாம். இது தென்ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகிலுள்ள ஊர்.

ஹானின் கல்விக்கொள்கை எளிமையானது. புத்தக அறிவு மட்டும் மனிதனை உருவாக்காது. உடலுறுதி, முன்முயற்சி, கைத்திறன், தன்னடக்கம் ஆகியவை இக்கால இளைஞரிடம் தேய்ந்து வருகின்றன என்றும், அனைத்திலும் கொடியது இரக்கம் தேய்ந்து வருவதே என்றும் அவர் கருதினார். ஆகவே மாணவர் ஓடவும் கடலோடவும் மரவேலை செய்யவும் அண்டை ஊராருக்கு உதவவும் பழகினர்.

1932ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பொட்டெம்பா என்னும் சிற்றூரில் ஹிட்லரின் படையினர் சிலர் ஒரு தொழிலாளியின் வீட்டில் நுழைந்து, பெற்ற தாயின் கண்முன்னே அவரை அடித்துக் கொன்றனர். நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லரோ அவர்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தந்தி அனுப்பினார். இச்செய்தியைக் கேட்ட ஹான் தம் பழைய மாணவர் அனைவருக்கும் ஒரு சுற்றுக் கடிதம் எழுதினார். சாலெம் இனி நடுநிலையில் நிற்க இயலாது. ஹிட்லரின் படைகளில் இருப்போர் ஹிட்லரை விடவேண்டும், அல்லது சாலெமை விடவேண்டும் என்பதே அதன் சாரம்.

இக்கடிதத்தின் துணிவைப் பலரும் போற்றியுள்ளனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அதில் வேறொன்றும் புலப்படுகிறது. அப்படி ஒரு கடிதம் எழுதவேண்டிய தேவை ஏன் வந்தது? தாம் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வளர்த்த மாணவரிலேயே சிலர் அந்தப் படையில் சேர்ந்திருந்தனர் அல்லவா? பண்பைப் பயிற்றும் பள்ளி என்று பெயர் பெற்ற இடத்திலிருந்தும் கொடுமையின் பக்கம் சென்றோர் உண்டு. அக்கடிதம் ஓர் ஆசிரியரின் வீரச்செயல். ஓர் ஆசிரியரின் தோல்வி அறிக்கையும்கூட. 1933 மார்ச்சில் ஹான் சிறைப்பட்டார். பிரிட்டன் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு முதலியோரின் தலையீட்டால் விடுதலை பெற்று, அவ்வாண்டே நாட்டைத் துறந்தார். 1934இல் ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார்.

கடலோரக் கோட்டை

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஹானின் பார்வை ஒரு நாட்டு எல்லைக்குள் அடங்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் பாரிசிலிருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்கு அவர் சென்றார். அதன் தலைவர் ஏர் மார்ஷல் லாரன்ஸ் டார்வால். பத்தாண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் கொல்ல முயன்ற நாடுகளின் படைத்தலைவர்கள், அங்கு ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு பொதுச் சிக்கலுக்குத் தீர்வு காண்பதை ஹான் கண்டார். நரைத்த தலையினருக்கு இயலுமாயின் பதினாறு வயதினருக்கு ஏன் இயலாது என்று இருவரும் எண்ணினர். அவ்வெண்ணமே அட்லாண்டிக் கல்லூரி.

அதற்கு இடம் கிடைத்தது வேல்ஸ் நாட்டின் தென்கரையில். அங்குள்ள செயின்ட் டோனட்ஸ் கோட்டை இடைக்காலத்தைச் சேர்ந்தது. அமெரிக்கச் செய்தித்தாள் அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1925இல் அதனை வாங்கிப் பெரும்பொருள் செலவிட்டு அழகுபடுத்தியிருந்தார். அவர் மறைவுக்குப்பின் அந்தோனின் பெஸ் என்னும் செல்வர் அதனை வாங்கிக் கல்லூரிக்கு வழங்கினார். 1962 செப்டம்பரில் கல்லூரி திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை அணுப்போரின் விளிம்பில் நிறுத்திற்று என்பதை நினைத்தால், அக்கோட்டையில் கூடிய இளைஞரின் முதற்பருவம் எத்தகைய அச்சத்தினிடையே கழிந்திருக்கும் என்பது விளங்கும்.

தொடக்கத்தில் ஆடவர் மட்டுமே அங்கு பயின்றனர். 1967முதல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். பெயரிலும் ஒரு குறுகல் இருந்தது. அட்லாண்டிக் என்பது கடலின் பெயராயினும், அக்காலத்தில் அது மேற்கு நாடுகளின் படைக்கூட்டணியையே நினைவூட்டிற்று. இக்குறையை உணர்ந்தோர் 1960களின் இறுதியில் ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்னும் விரிந்த பெயரில் இயக்கத்தை அமைத்தனர். மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தலைவரானார். நம் நாட்டின் பிரிவினையின்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர் என்பதை எண்ணும்போது, வரலாற்றின் விந்தையான திருப்பங்களுள் ஒன்றாக இது தோன்றுகிறது.

கல்லூரியின் முதல் தலைவர் டெஸ்மண்ட் ஹோர் கடற்படையில் பணியாற்றியவர். அவர் காலத்தில் மாணவர் பாடம் படித்ததோடு, அபாயம் நிறைந்த அக்கரையில் கடல்மீட்புப் பணியும் செய்தனர். காற்றடைத்த ரப்பர்ப் படகுகளின் துணியடிப்பாகம் கற்கரையில் உராய்ந்து விரைவில் கிழிந்தது. ஹோரும் மாணவரும் பல ஆண்டுகள் முயன்று, காற்றடைத்த பக்கங்களோடு மரத்தால் ஆன உறுதியான அடிப்பாகத்தைப் பொருத்தினர். ஒன்று உடைந்தால் மற்றொன்று. அதுவும் கவிழ்ந்தால் வேறொன்று என்று படிப்படியாய் அப்படகு உருப்பெற்றது. இன்று உலகக் கடற்கரைகள் எங்கும் மீட்புக்குழுவினர் கையாளும் படகுவகை அங்குப் பிறந்ததுதான். அதன் காப்புரிமையை 1973இல் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஹோர் ஒரே ஒரு பவுனுக்கு விற்றார். அந்நிறுவனத்தின் படகு வகை ஒன்று இன்றும் அட்லாண்டிக் என்னும் பெயர் தாங்கியுள்ளது.

இப்படகின் கதையில்தான் ஹானின் கல்விக்கொள்கை முழுமையாய் விளங்குகிறது. ஒருவர் பண்பாட்டை மற்றவர்க்கு விளக்கிச் சொற்பொழிவாற்றுவதால் மட்டும் நெருக்கம் பிறப்பதில்லை. மூழ்கும் மூன்றாமவன் ஒருவனைக் காக்க இருவர் சேர்ந்து துடுப்புப் பிடிக்கும்போது, துடுப்புப் பிடிப்பவன் எந்நாட்டான் என்ற கேள்வி தானே உதிர்ந்துவிடுகிறது.

ஈண்டு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல விழைகிறேன். கல்லூரி மகளிர் விடுதி ஒன்றில் சில ஆண்டுகள் துணைக் காப்பாளராய் இருந்தேன். பல மாவட்டத்துப் பெண்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். ஆயினும் உணவுக்கூடத்தில் அவரவர் ஊர், அவரவர் சாதி என்று அமைந்த வரிசைகள் மாறியதேயில்லை. ஒற்றுமை பற்றி நான் ஆற்றிய உரைகளைப் பணிவோடு கேட்டுவிட்டு, பழைய இடங்களிலேயே சென்று அமர்வர். ஒரு மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டுச் சமையற்காரர் இரண்டு நாள் வர இயலவில்லை. பெண்களே அரிசி களைந்து, காய் நறுக்கி, பெரிய அண்டாக்களை இருவர் நால்வராய்த் தூக்கி இறக்கினர். அந்த இரண்டு நாட்களும் பந்தியில் வரிசை எதுவும் இருக்கவில்லை. மழை விட்டபின் சில வரிசைகள் மீண்டும் தோன்றின என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் எல்லா வரிசையும் மீளவில்லை. இரண்டு மூன்று இடங்களில் புதிய நட்புகள் நிலைத்துவிட்டன. கல்வியில் நாம் பெறக்கூடிய வெற்றி பெரும்பாலும் இந்த அளவினதே என்பது என் எண்ணம்.

நிறவெறியின் எல்லையில்

கோட்டைக்குள் நடந்த சோதனையைவிடக் கடினமான சோதனை ஒன்று ஆப்பிரிக்க மலைச்சரிவில் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி சட்டமாய் நிலைபெற்றிருந்த காலம். 1953இல் இயற்றப்பட்ட பாண்டு கல்விச் சட்டம், கறுப்பினச் சிறுவர்க்குத் தாழ்ந்த கல்வியே போதும் என்ற கொள்கையை நடைமுறைப்படுத்திற்று. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் என்று மக்கள் கூறுபோடப்பட்டனர். 1860முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வழிவந்தோரும் இக்கூறுகளுள் ஒன்றில் அடைக்கப்பட்டனர்.

அந்நாட்டில் ஆசிரியராய் இருந்த ஆங்கிலேயர் மைக்கேல் ஸ்டெர்ன் இக்கொடுமையைக் கண்டு, எல்லைக்கு அப்பால் சென்று பள்ளி நடத்தத் துணிந்தார். அப்போது பிரிட்டனின் காப்பிலிருந்த ஸ்வாசிலாந்தில், தலைநகர் ம்பாபானேக்கு அருகே 1963இல் வாட்டர்ஃபோர்டு பள்ளி தொடங்கியது. எல்லா இனத்துச் சிறுவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஒரே அறையில் உறங்கினர். சில மணி நேரப் பயணத்தில் உள்ள அவர்தம் சொந்த ஊரில் அவ்வாறு உறங்குவது சட்டப்படி இயலாத செயல். அந்நாட்டு மன்னர் இரண்டாம் சோபுசா 1967இல் பள்ளிக்குக் கம்ஹ்லாபா என்னும் பெயரைச் சேர்த்து வழங்கினார். அச்சொல் மண்ணையும் உலகையும் ஒருசேரக் குறிப்பது. வேற்றுமை பாராத மண்ணின் மக்கள் என்ற பொருளும் அதில் அடங்கும் என்பர். தமிழில் ஞாலம் என்ற சொல்லை எண்ணிக்கொண்டேன்.

சிறையில் வாடிய நெல்சன் மண்டேலாவின் புதல்வியர் இப்பள்ளியில் பயின்றனர். விடுதலைப் போரில் ஈடுபட்ட வேறு தலைவர்தம் பிள்ளைகளும் பயின்றனர். 1981இல் இப்பள்ளி ஐக்கிய உலகக் கல்லூரிகளின் இயக்கத்தில் இணைந்தது. விடுதலை பெற்று நாட்டின் அதிபரான மண்டேலா, 1995இல் ஜோர்டான் அரசி நூருடன் அவ்வியக்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2018இல் ஸ்வாசிலாந்து தன் பெயரை எஸ்வாட்டினி என மாற்றிக்கொண்டது. பள்ளி அம்மலைச்சரிவிலேயே தொடர்கிறது. பிற பன்னாட்டுப் பள்ளிகள் வருங்காலப் பகையைத் தடுக்க முயன்றன. வாட்டர்ஃபோர்டோ நிகழ்காலத்துச் சட்டத்தையே வாழ்ந்து மறுத்தது. அதனாலேயே அதற்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு.

கவிதை பிறந்த கரையும் உடைந்த பாலமும்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், டிரியெஸ்ட் நகருக்கு அருகே, அட்ரியாட்டிக் கடலை நோக்கிய பாறைமுகட்டில் டுயினோ என்னும் சிற்றூர் உள்ளது. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்கே 1912இன் தொடக்கத்தில் அங்குள்ள கோட்டையில் விருந்தினராய்த் தங்கியபோதுதான் தம் புகழ்பெற்ற டுயினோ இரங்கற்பாக்களைத் தொடங்கினார். இடையில் உலகப்போர் வந்தது, டுயினோ போர்முனையாயிற்று, கோட்டை சிதைந்தது. 1922இல் சுவிட்சர்லாந்தில்தான் அக்கவிதைகள் நிறைவுபெற்றன. இரண்டாம் போருக்குப்பின் அப்பகுதி எந்நாட்டுக்கு உரியது என்ற வழக்கு 1954வரை நீடித்தது. லத்தீன், ஸ்லாவ், ஜெர்மானிய இனங்கள் மூன்றும் உரசிக்கொண்ட அந்த எல்லையூரில் 1982இல் ஐக்கிய உலகக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. மாணவர் தனி வளாகத்தில் அடைபடாமல் ஊர்க் கட்டடங்களிலேயே பரவி வாழ்கின்றனர்.

போஸ்னியாவின் மோஸ்டார் நகரக் கதை இன்னும் அண்மையது. நெரெட்வா ஆற்றின்மீது பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற கற்பாலம் 1993 நவம்பர் 9ஆம் நாள் பீரங்கித் தாக்குதலில் இடிந்து ஆற்றில் விழுந்தது. 2004இல் பாலம் மீண்டும் எழுந்தது. மனங்களுக்கிடையே பாலம் எழவில்லை. நகரின் பழைய உயர்நிலைப் பள்ளி போர்முனையின் கோட்டிலேயே நின்று சிதைந்த கட்டடம். அது செப்பனிடப்பட்டபின் போஸ்னிய முஸ்லிம் மாணவரும் குரோவாசிய மாணவரும் அங்கு வந்தனர். ஆனால் வெவ்வேறு பாடத்திட்டத்தில், வெவ்வேறு வகுப்புகளில். ஒரே கூரை, இரண்டு பள்ளிகள். அக்கட்டடத்திலேயே 2006இல் ஐக்கிய உலகக் கல்லூரி தொடங்கி, அவ்விரு தரப்பு இளைஞரையும் பிற நாட்டு இளைஞரையும் ஒரே வகுப்பில் அமர்த்தியது. ஒரே கூரை என்பது ஒற்றுமைக்குச் சான்றாகாது என்பதையும், அதே கூரையின்கீழ் ஒற்றுமையைத் தொடங்கவும் இயலும் என்பதையும் அந்த ஒரு கட்டடமே காட்டுகிறது.

மூன்று ஐயங்கள்

இவ்வியக்கம் இன்று நான்கு கண்டங்களில் பதினெட்டுக் கல்லூரிகளாய் விரிந்துள்ளது. நம் நாட்டில் புனே நகருக்கு அருகே பௌடு என்னுமிடத்தில் 1997இல் ஒன்று தோன்றியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள தேசியக் குழுக்கள் மாணவரைத் தேர்ந்தெடுக்கின்றன. இவ்வளர்ச்சியைப் போற்றும்போதே சில ஐயங்களை எழுப்பாமல் இருக்க இயலவில்லை.

முதல் ஐயம் செல்வம் பற்றியது. இக்கல்லூரிகளின் கட்டணம் மிக உயர்ந்தது. அரச குடும்பத்துப் பிள்ளைகளும் இங்குப் பயில்வதுண்டு. உதவித்தொகை பெற்று வரும் ஏழை மாணவரும் உளர். போர்நாட்டிலிருந்து வரும் அகதி இளைஞரும் உளர். ஆயினும் உலகத்தைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு உலகத்துப் பிள்ளைகளுள் மிகச் சிலர்க்கே கிட்டுகிறது என்பது மறுக்கவொண்ணாதது. பகைமையின் விலையைக் கொடுப்போர் பெரும்பாலும் ஏழைகள். நல்லிணக்கத்தின் கல்வியைப் பெறுவோரோ சிலர்.

இரண்டாம் ஐயம் மொழி பற்றியது. தமிழாசிரியராகிய எனக்கு இதுவே நெருக்கமானது. பல பண்பாடுகள் சந்திக்கும் இடம் என்கிறோம்; அங்கு அவை சந்திப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஸ்பிரிங் குரோவ் அமைப்பாளர்கள் மாணவரைப் பிற மொழிகளின் மண்ணுக்கே அனுப்ப எண்ணினர். இன்றோ பிற மொழிகளின் பிள்ளைகள் ஒரு மொழியின் மண்ணுக்கு வருகின்றனர். மொழியைத் திணிப்பது உள்ளத்தில் எத்தகைய காயத்தை உண்டாக்கும் என்பதை 1976இல் ஆஃப்ரிகான்ஸ் மொழித்திணிப்பை எதிர்த்து உயிர்நீத்த சொவெட்டோ மாணவர் காட்டினர். 1965ஐ அறிந்த நமக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. விரும்பிக் கற்பது திணிப்பாகாது என்பது உண்மையே. ஆனால் தன் தாய்மொழியில் கவிதை படிக்கத் தெரியாத ஒருவன் உலகுக்குக் கொண்டுசெல்வது எதனை?

இவ்விடத்தில் ஆறுதல் தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டு பாக்கலரியேட் அமைப்பின் பாடத்திட்டத்தையே இக்கல்லூரிகள் பின்பற்றுகின்றன. அட்லாண்டிக் கல்லூரி அதன் முன்னோடிகளுள் ஒன்று. அத்திட்டத்தில், ஒரு மாணவனின் தாய்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் பள்ளியில் இல்லாவிட்டாலும், அவன் தன் மொழி இலக்கியத்தைத் தானே பயின்று தேர்வெழுத வழி செய்துள்ளனர். அயல்மண்ணில் நள்ளிரவில் தன் மொழிக் கவிதை நூலை விரித்துத் தனியே படிக்கும் அந்த மாணவன் எனக்கு மிக வேண்டியவனாய்த் தோன்றுகிறான். அவன் அறையில் உறங்கும் வேற்றுநாட்டுத் தோழன் ஒருநாள், நீ என்ன படிக்கிறாய் என்று கேட்பான். அவ்வினாவுக்கு விடை சொல்ல முயலும்போதுதான் உண்மையான மொழிபெயர்ப்புத் தொடங்குகிறது.

மூன்றாம் ஐயம் பயன் பற்றியது. இப்பள்ளிகளால் எந்தப் போர் நின்றது? இவ்வாறு கேட்போர்க்கு நேரான விடை இல்லை. 1870இன் போர் பள்ளியைச் சிதைத்தது. 1937இன் போர் கவிஞரைப் பிரித்தது. சாலெமின் மாணவரில் சிலர் தவறான பக்கம் சென்றனர். பள்ளிகளால் போரைத் தடுக்க இயலும் என்பதற்கு வரலாறு சான்று தரவில்லை. ஆனால் இன்னொன்றுக்குச் சான்று தருகிறது. கடிதம் எழுதியவர் ஒருவர் இருந்தார். நண்பரின் தவறை நண்பருக்கே எடுத்துரைத்த கவிஞர் ஒருவர் இருந்தார். சட்டம் தடுத்ததை எல்லைக்கு அப்பால் சென்று செய்துகாட்டிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அயலாரை அறிந்தவர்க்கே, தம்மவர் தவறும்போது தம்மவரை நோக்கிப் பேசும் துணிவு வாய்க்கிறது. பண்பாட்டுப் புரிதலின் பயன் அயலாரிடம் காட்டும் இன்முகத்தில் முடிவதில்லை; தம்மவரிடம் காட்டும் உண்மையில்தான் அது நிறைவுறுகிறது.

நிறைவாக

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். பத்தாண்டுகளாக ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டோம். கேட்பது நன்று, அது முதற்படி. மேற்கண்ட வரலாறு நமக்குக் கூறுவது, கூடியமர்தல் கூடிச் செய்தலாக மாறவேண்டும் என்பதே. அதனால் ஒரு விண்ணப்பம். அடுத்த பத்தாண்டில் மாதம் ஒரு கூட்டத்தின் ஒரு மணி நேரத்தை மொழிபெயர்ப்புக்கென ஒதுக்குவோம். தொலைநாட்டுக் கவிதைக்கு முன் நம் எல்லைக்கு அப்பாலுள்ள கன்னடக் கவிதையையும் மலையாளக் கவிதையையும் எடுத்துக்கொள்வோம். ஆற்றுநீருக்கும் அணைக்கும் நாம் வழக்காடும் அண்டை வீட்டார் அவர்கள். அம்மொழி அறிந்தவர் ஒருவரை நடுவே அமர்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் நாம் அனைவரும் சேர்ந்து வாதாடி, ஒரு கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவருவோம். ஒன்று உடைந்தால் மற்றொன்று என்று அக்கடலோர மாணவர் படகு கட்டியதுபோல், நம் முதல் மொழிபெயர்ப்புகள் கவிழ்ந்தாலும் அடுத்ததைக் கட்டுவோம். இருபதாம் ஆண்டு மலரில் அப்படகுகள் எத்தனை மிதக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்.